தேநீர் மேசையில் தூங்குவது எலியா, அணிலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆலிஸ் கதையில் வரும் தேநீர் விருந்து அத்தியாயத்தை எட்டு வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் சுருக்கி எழுதியிருக்கிறோம். படம் வரைவது என் பொறுப்பு. மார்ச் முயலுக்கும் தொப்பிக்காரருக்கும் நடுவில் தூங்கும் டார்மவுஸ் என்ற சிறு பிராணியைக் கைப்பிரதியில் ‘சுண்டெலி’ என்று போட்டிருக்கிறோம். வரைவதற்கு மாதிரி வேண்டுமே என்று 18, 19ஆம் நூற்றாண்டு இயற்கை வரலாற்றுப் படங்களைத் தேடினேன். ஒன்றில் சாம்பல் அணில் மாதிரி இருக்கிறது, ஒன்றில் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட எலி, இன்னொன்றில் ஆரஞ்சு நிறக் குட்டி. எது சரி? ஓவியர் ரொசெட்டி வளர்த்த வாம்பாட் என்ற ஆஸ்திரேலியப் பிராணிதான் இந்தப் பாத்திரத்துக்கு மாதிரி என்றும் ஓரிடத்தில் படித்தேன். பேசாமல் சுண்டெலி என்றே விட்டுவிடலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

சுண்டெலி வேண்டாம். நம் பிள்ளைகளுக்குச் சுண்டெலி என்றால் ஓயாமல் ஓடுவது, அரிசி மூட்டையைக் கடிப்பது, பூனையிடம் தப்பிப்பது. அது எதற்கு விருந்து மேசையில் உட்கார்ந்து தூங்குகிறது என்று குழந்தை கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. 1865இல் அந்தப் புத்தகத்தைப் படித்த ஆங்கிலக் குழந்தைக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. டார்மவுஸ் என்றாலே தூக்கம். ஜெர்மன் மொழியில் இதன் பெரிய வகைக்கு ‘ஏழு தூங்கி’ என்ற பொருளில் பெயர், ஏழு மாதம் தூங்கும் என்பதால். பிரெஞ்சுக்காரர்கள் அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிறவனை ‘லுவார் போலத் தூங்குகிறான்’ என்பார்கள். லுவார் என்பதும் அதே பெரிய வகைதான். தமிழிலும் பெயருக்குள் தூக்கம் இருந்தாக வேண்டும். ‘தூங்கெலி’ என்று போடுங்கள். வாய்விட்டுப் படிக்க எளிது, விளக்கமும் தேவையில்லை.

இனி படங்கள். நீங்கள் பார்த்த மூன்றும் சரியான படங்களே, ஆனால் மூன்று வெவ்வேறு விலங்குகள். பிரான்ஸின் பியுஃபோன் தன் இயற்கை வரலாற்றின் எட்டாம் தொகுதியில் (1760) இந்த மூன்றையும் லுவார், லெரோ, மியுஸ்கார்தன் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினார். ஓவியர் ஜாக் டி சேவ். லுவார்தான் உங்கள் சாம்பல் அணில்: உடல் மட்டும் 13 முதல் 19 செ.மீ., புசுபுசுவென்று அணில் வால். லெரோ முகமூடிக்காரன்: கண்ணைச் சுற்றிக் காதுவரை கறுப்புப் பட்டை, வால் நுனியில் மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகக் குஞ்சம். மியுஸ்கார்தன் என்பதே ஆரஞ்சுக் குட்டி, ஹேசல் டார்மவுஸ். இங்கிலாந்துக் காடுகளுக்கு இயல்பாக உரியது இது ஒன்றுதான். பெரிய லுவார் இங்கிலாந்துக்கு வந்ததே 1902இல், வால்டர் ராத்ஸ்சைல்ட் டிரிங் என்ற ஊரில் கொண்டுவந்து விட்ட பிறகு. 1865இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கதையின் மேசையில் அது இருக்க வழியில்லை.

தேடும்போது ஒன்றில் எச்சரிக்கையாக இருங்கள். ‘கிளிஸ்’ என்ற லத்தீன் பெயரில் தேடினால் பெரும்பாலும் பெரிய வகையே கிடைக்கும். ரோமானியர்கள் உட்புறம் படிகள் வைத்த மண்ஜாடிகளில் அடைத்துக் கொழுக்க வைத்துத் தின்றது அதைத்தான். உங்களுக்கு வேண்டியது ‘அவெல்லானாரியஸ்’ என்ற பெயர். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் இதை எலிகளோடு சேர்த்து ‘மஸ் அவெல்லானாரியஸ்’ என்றார். 1766இல் பெரிய வகையை அணில்களோடு சேர்த்து ‘சியூரஸ் கிளிஸ்’ என்றார். ஒரே குடும்பத்து உடன்பிறப்புகளில் ஒன்று எலிக்கூட்டத்துக்கும் ஒன்று அணில்கூட்டத்துக்கும் போய்விட்டது. பழைய படங்களில் நீங்கள் கண்ட குழப்பத்தில் பாதி இந்த வகைப்பாட்டுக் குழப்பம்தான்.

மீதிப் பாதி ஓவியரின் மேசையில் நடந்தது. பெரும்பாலான படங்கள் பாடம் செய்த உடலையோ, சாராயத்தில் ஊறிய உடலையோ, முந்தைய புத்தகத்துப் படத்தையோ பார்த்து வரைந்தவை. இதைக் கண்டுபிடிக்க முதலில் கண்ணைப் பாருங்கள். உயிருள்ள ஹேசல் டார்மவுஸின் கண் மிளகு மாதிரி கறுத்துப் பெரிதாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும், இரவில் திரியும் பிராணி அல்லவா. பாடம் செய்ததில் கண் உள்ளே வாங்கிச் சிறுத்திருக்கும். அடுத்து வால். உயிரோடு இருக்கும்போது அடிமுதல் நுனிவரை ஒரே சீராக அடர்ந்த மயிர். காய்ந்த தோலில் மயிர் படிந்து எலிவால்போல ஆகிவிடும். போதாததற்கு, இந்தக் குடும்பத்தில் வாலைப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்துவிடும், மிஞ்சிய எலும்பு காய்ந்து உதிரும். குட்டைவால் படம் ஏதாவது கண்ணில் பட்டால் அது தனி இனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்களுக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கையால் நீர்வண்ணம் பூசினார்கள். பூசுகிறவர் முன் இருந்தது விலங்கு அல்ல, ஒரு மாதிரித் தாள். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்று செங்கல் நிறமாகவும் மற்றது மஞ்சளாகவும் இருப்பது அதனால்தான். ஊறவைத்த உடலில் நிறம் வெளுத்தும் போயிருக்கும். பழுத்த ஆப்ரிகாட்டின் பொன்னாரஞ்சு, தொண்டையில் வெண்மை கலந்த பாலாடை நிறம். இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்துக்கு நான் சொல்வது தாமஸ் பியூவிக். 1790இல் நியூகாசிலில் வெளிவந்த அவருடைய நாற்கால் விலங்குகள் புத்தகம் மரச்செதுக்குப் படங்களால் ஆனது. பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் உளியால் கீறுவார். கீறிய கோடு வெள்ளையாகவும் விட்ட இடம் கறுப்பாகவும் அச்சாகும். கறுப்பிலிருந்து வெளிச்சத்தை எடுக்கும் முறை என்பதால் மயிரின் மென்மை அதில் வரும் அளவுக்குச் செப்புத்தகட்டில் வராது. மரக்கட்டை அச்செழுத்தின் உயரமே இருக்கும், எழுத்தோடு சேர்த்து ஒரே அச்சில் ஓட்டலாம். செப்புத்தகட்டுக்குத் தனி எந்திரம், தனித் தாள், தனிச் செலவு. விலங்குப் படம் பணக்காரர் நூலகத்திலிருந்து குழந்தை கைக்கு இறங்கி வந்ததற்கு இந்த உயரக் கணக்கு பெரிய காரணம் என்பது என் கருத்து.

முதல் பதிப்புக்கு டென்னியல் வரைந்த ஆலிஸ் படங்களும் மரச்செதுக்குத்தான். மொத்தம் 42, செதுக்கியவர்கள் டால்சியல் சகோதரர்கள். முதலில் அச்சான 2,000 பிரதிகளை அச்சுத்தரம் பிடிக்கவில்லை என்று டென்னியல் சொன்னதால் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மை அதிகமானால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைபட்டு மயிர் கறுப்புத் திட்டாகிவிடும் என்பதை மரச்செதுக்கு அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. கோட்டோவியத்தை அச்சளவில் 1200 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், வழவழப்பில்லாத தாளில் மை பரவும் என்பதை மனதில் வைத்து மயிர்க்கோடுகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். அசல் மரக்கட்டைகள் 1985இல் ஒரு வங்கியின் பெட்டகத்தில் கிடைத்தன. அவற்றிலிருந்து நேரடியாக எடுத்த அச்சுகளின் நகல் கிடைத்தால் அதைப் பாருங்கள், தேய்ந்துபோன மறுபதிப்புகளைப் பார்க்காதீர்கள்.

வாம்பாட் கதை நாள்கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. ரொசெட்டியின் வாம்பாட் வீட்டுக்கு வந்தது 1869இல். புத்தகம் வெளிவந்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

அளவில் கதையே முன்பின் முரணாக நடந்துகொள்கிறது, இது உங்களுக்கு வசதி. முயலும் தொப்பிக்காரரும் தூங்கெலியை மெத்தையாக்கி முழங்கையை ஊன்றிக்கொள்கிறார்கள். அதற்கு அது பூனை அளவாவது இருக்க வேண்டும். அத்தியாய முடிவில் அதையே தேநீர்க் குடுவைக்குள் திணிக்கிறார்கள். உண்மையான ஹேசல் டார்மவுஸ் நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், 7, 8 செ.மீ., வால் அதைவிடச் சற்றே குட்டை, கோடையில் எடை 20 கிராமுக்கு உள்ளே. குடுவையில் தாராளமாகப் போகும். மேசைப் படத்தில் பெரிதாக்குங்கள், குடுவைப் படத்தில் சுருக்குங்கள். குழந்தைகள் கேட்க மாட்டார்கள், ஆலிஸே அந்தக் கதையில் அப்படித்தான் கூடிக் குறைகிறாள்.

தூங்கும் தோரணையை இந்த வரிசையில் வரையுங்கள். முதலில் ஒரு வட்டம். மோவாயை வயிற்றில் பதியுங்கள். முன்கைகளை மூடிய முட்டிகளாகத் தாடைக்குக் கீழே வையுங்கள், கையில் நான்கு விரல்தான். காதுகளைத் தலையோடு படிய விடுங்கள். கடைசியில் வாலைப் பின்கால்களுக்கு நடுவிலிருந்து மேலே கொண்டுவந்து வயிறு, முகம், நெற்றி எல்லாவற்றையும் போர்த்தி உச்சந்தலைவரை விடுங்கள். பலர் செய்யும் தவறு வாலைப் பூனைபோலப் பக்கவாட்டில் சுற்றிவிடுவது. வால் முகத்துக்குப் போர்வை. இந்த ஒன்று சரியாக வந்தால் மற்ற குறைகள் தெரியாது.

மேசையில் ஹேசல் கொட்டைகளைப் போட வேண்டாம். அவை பழுப்பது கோடை முடிவில். ஆலிஸ் ‘இது மே மாதம்தானே’ என்று முந்தின அத்தியாயத்தில் சொல்லிக்கொள்கிறாள். அக்டோபரில் தரையோரக் கூட்டில் சுருண்ட பிராணி ஏப்ரல், மே வாக்கில்தான் எழும், எழுந்த பின்னும் குளிரான நாளில் உடம்பு சில்லிட்டு மறுபடி உறங்கிவிடும். பியுஃபோன் தூங்கும் லெரோக்களின் உடலில் வெப்பமானி வைத்து, உட்சூடு சுற்றிலும் உள்ள காற்றின் சூட்டுக்கு இறங்கியிருப்பதைக் கண்டார். ஆகவே மே மாத விருந்தில் அது தூங்கி விழுவது சோம்பல் இல்லை, இயற்கை. மேசையில் மலர் வையுங்கள், அந்தப் பருவத்தில் அதற்கு மலர்தான் உணவு. கொட்டையை எங்காவது வரைந்தே ஆக வேண்டுமென்றால் இலையுதிர்காலப் பக்க ஓரத்தில் வரையுங்கள். தூங்கெலி குடைந்த ஓட்டையின் உள்விளிம்பு வழவழவென்று இருக்கும், பல்தடம் வெளிவட்டத்தில் சாய்வாக ஓடும். காட்டு எலி குடைந்ததில் உள்விளிம்பிலேயே குறுக்காகப் பல்தடம் தெரியும். 1993இல் இங்கிலாந்தில் பொதுமக்களைக் கொண்டு கொட்டை ஓடுகளைப் பொறுக்கவைத்து, இந்த வித்தியாசத்தை வைத்தே அது எங்கெங்கே வாழ்கிறது என்று கணக்கெடுத்தார்கள்.

வேறு மாதிரிகள் வேண்டுமென்றால் பியாட்ரிக்ஸ் பாட்டரின் ‘தி ஃபேரி கேரவன்’ (1929) புத்தகத்தில் ஸாரிஃபா என்ற டார்மவுஸ் வருகிறது. மில்ன் 1924இல் எழுதிய கவிதையில், நீலமும் சிவப்புமான பூப்பாத்தியில் வாழும் டார்மவுஸுக்கு மருத்துவர் மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி நட்டுவிடுகிறார். அது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பழைய பூக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மூடிய கண்ணை வெறும் தூக்கமாக மட்டும் வரையாமலிருக்க அந்தக் கவிதைக்கு ஷெப்பர்ட் வரைந்த படங்களைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சொல் எச்சரிக்கை. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்று ஒன்று உண்டு. முதுகில் தட்டையான முட்கள், மிளகுக் கொடியில் மேயும், மரப்பொந்தில் வாழும். விலங்கியலாளர் பிளித் 1859இல் பெயரிட்டார். ஆங்கிலப் பெயர் ஒன்றே தவிர, அது வேறு குடும்பம், குளிர்காலத் தூக்கமும் கிடையாது. அதைப் பார்த்து வரையவும் வேண்டாம், அதை நினைத்து ‘முள்ளெலி’ என்று பெயர் வைக்கவும் வேண்டாம். முள்ளெலி தமிழில் ஏற்கெனவே வேறொரு பிராணி, தென்மாவட்டத்துத் தேரிகளில் சுருண்டு பந்தாகிக்கொள்வது. அடுத்த அத்தியாயத்தில் ராணியின் மைதானத்தில் பந்துக்குப் பதிலாக உருட்டி அடிக்கிறார்களே, அங்கே அந்தச் சொல் உங்களுக்கு அப்படியே தேவைப்படும்.