காந்தம் ஒட்டவில்லை, ஆனாலும் துரு பிடிக்கிறது
(வீடு கட்டுவோருக்கான கேள்வி-பதில்)

கேள்வி: பால்கனிக்கும் மாடிப்படிக்கும் எவர்சில்வர் கைப்பிடி போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பால்கனிப் பக்கம் முழுவதும் பழுப்புப் புள்ளிகள். போட்டவர் "304 தான் சார், காந்தம் வைத்துப் பாருங்கள்" என்கிறார். வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பிறகு ஏன் துரு?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: காந்தச் சோதனையை நம்பி ஏமாந்தவர்கள் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். 304, 202, 316 எல்லாம் எவர்சில்வர் ரகங்களின் எண்கள். 304-இல் காந்தம் ஒட்டாது என்பது சரிதான். ஆனால் அதைவிட விலை குறைந்த 202-இலும் ஒட்டாது! நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்துச் செய்வதுதான் 202. 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம், 202-இல் 4 முதல் 6 சதவீதம். பாலிஷ் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பட்டறைக்காரருக்கே அடையாளம் தெரியாது. போதாக்குறைக்கு, நல்ல 304 பைப்பை வளைத்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கவும் செய்யும். ஆக, காந்தம் ஒட்டினால் போலி என்றும் சொல்ல முடியாது, ஒட்டாவிட்டால் அசல் என்றும் சொல்ல முடியாது.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? சொட்டு மருந்து மாதிரி ஒரு திரவமும் ஒரு சின்ன பேட்டரியும் சேர்ந்த சோதனை செட் கிடைக்கிறது. பைப்பில் ஒரு சொட்டு விட்டு மின்சாரம் காட்டினால் நிறம் மாறும். கூட வரும் அட்டையோடு ஒப்பிட்டு 200 வரிசையா 300 வரிசையா என்று சொல்லிவிடலாம். பெரிய பழைய இரும்புக் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள். அழுத்தினால் குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று திரையில் காட்டும். 202-க்கு 304 விலை கொடுத்தால் அவர்களுக்கு நஷ்டம், அதனால் அவர்களிடம் ஏமாற்று நடக்காது. ஒரு துண்டுப் பைப் மீதி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் அங்கே 304 என்றே வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் தானாகவே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலை ஓட்டை போடும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பால்கனிக்குத் தேவை 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பை எதிர்த்து நிற்பது அதன் தயவில்தான். வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படிக்கு 304 போதும். அங்கேயும் 316 போடச் சொன்னால் அது வீண் செலவு.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: கைப்பிடி போட்ட பிறகு டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவினார்களா? என் வீட்டில் அதுதான் நடந்தது. பளபளவென்று கைப்பிடி மாட்டிய மூன்றாம் நாள், டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை எடுக்க ஒருவர் ஒரு பாட்டில் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். கைப்பிடியில் ஒரு துளி படவில்லை. ஆனால் கதவு ஜன்னல் மூடியிருந்தது. ஆசிட் ஆவியே வேலையைக் காட்டிவிட்டது. மறுநாள் காலை கீழ்ப் படியிலிருந்து இடுப்பு உயரம் வரை மஞ்சள் பூத்திருந்தது. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக், அதாவது குளோரைடேதான். கடல் பத்து வருடத்தில் செய்வதை அது ஒரு ராத்திரியில் செய்யும். டைல்ஸ் கழுவி முடித்த பிறகே கைப்பிடி மாட்டச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு: ஆக்ஸாலிக் அமிலம் கலந்த எவர்சில்வர் கிளீனரால் துணி வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வேண்டாம், அதன் துகளே அடுத்த துருவுக்கு விதை. புள்ளி போய்விட்டால் மேல்கறைதான். மாதம் இரண்டு முறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி விட்டால் ஓட்டிவிடலாம். நகத்தால் தடவினால் குழி தட்டுகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது பில்லில் ரகம், விட்டம், கனம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டுக் கனத்தில் கை வைப்பது சாதாரணம். 2 அங்குல உருண்டைப் பைப் 20 அடி நீளம், 1.5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 11 கிலோ இருக்கும். 1 மில்லிமீட்டர் என்றால் ஏழரைக் கிலோதான். எடை போட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

கேள்வி: தூத்துக்குடியில் வீடு கட்டப் போகிறோம். இன்ஜினியர் டிராயிங்கில் எஃப்இ 500டி கம்பி என்று போட்டிருக்கிறார். கடையில் "550 வாங்குங்கள், நம்பர் கூடினால் ஸ்ட்ராங், துருவும் பிடிக்காது" என்கிறார்கள். எதைக் கேட்பது? கிலோ கணக்கில் வாங்குவதா, பீஸ் கணக்கில் வாங்குவதா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: இன்ஜினியரைக் கேளுங்கள். 500 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் விசை வரை கம்பி நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதற்கான எண். நம்பர் கூடக் கூடப் பலம் கூடும், வளைந்து கொடுக்கும் குணம் பொதுவாகக் குறையும். அந்தக் குணத்துக்குத்தான் பின்னால் உள்ள 'டி'. கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-இன்படி அறுந்துபோவதற்கு முன் சாதாரண 550 குறைந்தது 10 சதவீதம் நீண்டால் போதும், 500டி 16 சதவீதம் நீள வேண்டும். நிலம் ஆடும்போது கட்டடத்தைக் காப்பாற்றுவது இந்த நீட்சிதான். பில்லருக்கு ரிங் வளைக்கும்போதும் வித்தியாசம் தெரியும். வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்தக் கம்பியையே ஓரம் வையுங்கள்.

துருவுக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. 'சிஆர்எஸ்' (துருவை எதிர்க்கும் ரகம்) என்று விற்கும் கம்பியில் செம்பு, குரோமியம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அது துருவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. உங்கள் ஊரில் கம்பியைக் காப்பது அதன் மேல் இருக்கும் கான்கிரீட் கனம், அதாவது கவர். கடற்காற்று படும் கான்கிரீட்டுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர் கவர், எம் 30 என்ற பல ரகக் கான்கிரீட். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டு ஊற்றுவதை எத்தனை தளத்தில் பார்த்திருக்கிறேன்! உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் எந்தக் கம்பி வாங்கியும் பயனில்லை. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளேயிருந்து முட்டித்தான் சன்ஷேடு பெயர்ந்து விழுகிறது.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் எவர்சில்வர் கம்பியே போட்டிருக்கிறார்கள். அது கடலுக்குள் நிற்பது. நமக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை, ஒழுங்கான கவர் போதும்.

எடைக் கணக்கு சுலபம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்றுக்கு 8 எம்எம் 4.74 கிலோ, 10 எம்எம் 7.4, 12 எம்எம் 10.66, 16 எம்எம் 18.96. தரத்திலேயே கொஞ்சம் கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு: மொத்த லாட்டுக்கு 10 எம்எம் வரை 7 சதவீதம், 16 வரை 5 சதவீதம். பீஸ் கணக்கில் வாங்கினால் எடை குறைந்த கம்பி வந்து சேரும், கிலோ கணக்கில் வாங்கினால் எடை கூடிய கம்பி. என் வழி: கிலோவுக்கு விலை பேசி, எடைமேடைச் சீட்டு வாங்கி, இறக்கும்போது கம்பிகளை எண்ணி வகுத்துப் பார்ப்பது. கம்பியில் கம்பெனிப் பெயரும் ரகமும் புடைப்பாக இருக்கும். ஐஎஸ்ஐ உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் அது யாருடையது, நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஜன்னல் கிரில்லுக்கு ஜிஐ ஸ்கொயர் பைப் போட்டால் துருவே பிடிக்காது, பிரைமர்கூட வேண்டாம் என்கிறார் வெல்டர். உண்மையா?
- வாசகர், மதுரை

பதில்: ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. வெல்டிங் வைக்காத இடத்தில் அவர் சொல்வது பாதி உண்மை. வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். (அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும். பட்டறைகளில் பால் குடிப்பார்கள், அதைவிடத் திறந்த வெளியில் வேலை செய்வது நல்லது.) கிரில் என்பதே ஜாயின்ட்தான், ஆக துரு தொடங்குவதும் அங்கேதான். ஒவ்வொரு ஜாயின்டிலும் கசடைச் சுத்தியால் தட்டி, கிரைண்டர் போட்டு, ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். கசடின் மேலேயே ரெட் ஆக்சைடைத் தீற்றிக் கொண்டுவந்து மாட்டினால் ஒரே மழைக்காலத்தில் பொருக்கு உதிரும். புது ஜிஐ மேல் நேராக எனாமல் அடித்தாலும் நிற்காது, தோல் மாதிரி உரியும். ஜிஐக்கென்று உள்ள பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

மதுரை மாதிரி ஊருக்கு நான் சொல்வது பழைய பாணிதான்: 10 அல்லது 12 எம்எம் கட்டிச் சதுரக் கம்பி, நல்ல பிரைமர், இரண்டு கோட்டிங் பெயிண்ட். பைப்புக்குள் தண்ணீர் போனால் உள்ளேயே அரிக்கும், கண்ணுக்குத் தெரியும்போது பைப் காகிதமாகியிருக்கும். கட்டிக் கம்பியில் துரு வந்தால் வெளியே தெரியும், சுரண்டி பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மொட்டை மாடி ஷெட்டுக்கு 0.50 கலர் ஷீட் என்று விற்றார்கள். அளந்தால் 0.42 தான் வருகிறது. "பெயிண்ட் போக அப்படித்தான்" என்கிறார்கள்.
- வாசகர், கோவை

பதில்: இரண்டு அளவு உண்டு. வெறும் இரும்பின் கனம் ஒன்று, பூச்சோடு சேர்ந்த கனம் ஒன்று. அலுமினியம்-துத்தநாகப் பூச்சு ஏஇசட் 150 என்றால் சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம். கனத்தில் அது சுமார் 0.04 மில்லிமீட்டர்தான். நீங்கள் அளந்தது பெயிண்ட், பூச்சு எல்லாம் சேர்ந்தது. அதுவே 0.42 என்றால் உள்ளே இரும்பு இன்னும் குறைவு. அவர் சொல்லும் சமாதானம் அவருக்கே எதிரானது. பில்லில் 0.50 என்று இருந்தால் மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஷீட்டைக் கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள். தெறிக்கும் பொறி பெயிண்டுக்குள் பதிந்து, மறுநாள் தூறல் பட்டால் மிளகாய்த்தூள் தூவியதுபோல் ஆகிவிடும். தகரம் வெட்டும் கத்திரி போதும்.

கேள்வி: குழாய்கள் இரண்டு வருடத்தில் கழுத்து ஒடிந்து விழுகின்றன. போர் தண்ணீர்தான்.
- வாசகி, இராமநாதபுரம்

பதில்: கையில் எடுத்துப் பாருங்கள், இறகு மாதிரி இருந்தால் பித்தளையாக இருக்காது, துத்தநாகக் கலவை. மேலே குரோமியம் பூசிவிட்டால் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். உப்புத் தண்ணீர் பித்தளையிலிருந்தும் துத்தநாகத்தைக் கரைத்து எடுக்கும், ஒடிந்த இடம் செம்பு நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் அதுதான் காரணம். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு வெளிக் குழாய், தோட்டக் குழாய்க்கெல்லாம் பிளாஸ்டிக் போடுங்கள், கௌரவம் குறையாது.

கேள்வி: அலுமினிய ஜன்னல் நன்றாக இருக்கிறது, திருகாணிகள் மட்டும் துருவேறி, சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிகிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு உலோகம் ஒட்டியிருந்து நடுவில் ஈரமும் உப்பும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் ஒன்று கரையும். பூச்சு இருக்கும்வரை திருகாணியின் துத்தநாகம் கரையும், அது போனதும் இரும்பு துருவேறும், பக்கத்து அலுமினியமும் அரிபடும். எல்லாத் திருகாணியையும் கழற்றி, ஒரு நம்பர் பெரிய எவர்சில்வர் திருகாணி, அடியில் நைலான் வாஷர் வைத்து மாட்டுங்கள். எவர்சில்வரும் வேறு உலோகம்தானே என்று கேட்பீர்கள். திருகாணி சின்னது, பிரேம் பெரியது, அந்த விகிதத்தில் பாதிப்பு மெல்லவே நடக்கும். வாஷர் அதையும் குறைக்கும்.

மற்ற அறைகளுக்கு இன்னும் ஜன்னல் போட வேண்டியிருந்தால், பூச்சு வேலை முடியும்வரை பிரேமில் ஒட்டி வரும் டேப்பை உரிக்க விடாதீர்கள். ஈரச் சிமென்ட் அலுமினியத்தைத் தின்னும். காய்ந்த பிறகு சுரண்டி எடுத்தாலும் அடியில் சாம்பல் நிறத் தழும்பு இருக்கும், அதற்கு எந்தப் பாலிஷும் கிடையாது.