வாப்பாவின் காலில் ஊதா மருந்து

வாப்பாவின் காலில் உள்ள புண்ணுக்கு ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்தைப் பூசிவிட்டு, அதனால் புற்றுநோய் வருமோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இப்படிக் கொஞ்ச நாள் பூசியதாலேயே அவருக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள். 2019இல் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை, நீண்ட காலம் தீனியோடு இந்தச் சாயத்தைத் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்தது. நீங்கள் இரண்டு வாரம் காலில் பூசியதை அதோடு சேர்த்துப் பார்த்து, கைத்தொலைபேசியில் விடிய விடியத் தேடி உங்களை நீங்களே வதைத்திருக்கிறீர்கள். நகத்தில் ஊதா ஒட்டியிருப்பதும் சாரத்தில் கறை படிந்ததும் நோயல்ல.

என்னைத் திடுக்கிட வைத்தது கடிதத்தின் கடைசி வரி. "புண்ணில் வலியில்லை, கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பின்னேரத்தில் குளிர்ந்து காய்கிறது." இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், தங்கச்சி! பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவருக்கு வலி இல்லாதது நல்ல செய்தியல்ல, நரம்பு மரத்துப்போயிருக்கலாம். புண்ணோடு காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதோ என்று உடனே பார்க்க வேண்டும்.

ஊதா மருந்து நல்ல மருந்துதான். துணிக்குச் சாயமாக வந்த இந்தச் செயற்கை நிறமி ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற கிருமிகளையும் கண்டிடா பூஞ்சையையும் அடக்கும். சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பல கிருமிகள் இதற்கு அசைவதில்லை. அவற்றில் ஒன்று மெலியோய்டோசிஸ் நோயைத் தருவது. மழைக்காலத்தில் வயலில் இறங்குபவர்களை, அதிலும் நீரிழிவு உள்ளவர்களை, நமது கிழக்கிலங்கையில் அது பிடிக்கிறது. வாப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இரத்தத்தைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பாமல் யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு கெடுதலும் உண்டு. புண்ணைச் சுற்றித் தோல் சிவக்கிறதா, விளிம்பு கறுக்கிறதா என்பதை அந்த ஊதா மறைத்துவிடும். வைத்தியரின் கண்ணையே கட்டிவிடுகிறோம்.

அதைவிடக் கோபம் தந்தது, மிச்சமிருந்த அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லிக் கப்சூலை உடைத்துப் புண்ணில் தூளைக் கொட்டியது. அந்தத் தூள் புண்ணின் மேல் கட்டிபிடித்துக் கிடக்கும். உள்ளே சீழ் ஓடிக்கொண்டிருக்கும். தயவுசெய்து இனிச் செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லியும் கொடுக்காதீர்கள்.

கடிதம் கிடைத்ததுமே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன். நாளைக்கென்று வைக்காமல் இன்றே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். புண்ணைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். எதையும் பூச வேண்டாம். அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள். கிளினிக் கொப்பியையும் அவர் குடிக்கும் குளிசைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வயலில் வெறுங்காலோடு நின்றவர் என்பதையும், என்ன பூசினீர்கள், எந்தக் கப்சூலைக் கொட்டினீர்கள் என்பதையும் வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகவே சொல்லுங்கள்.