விழுகிற வண்டி: எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் ஓட்டுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

மண், கல் பாதையிலும் ஓட்டுகிற ஹீரோ பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 வெளிவந்த 2019-லேயே ஒன்று எடுத்தேன், கார்புரேட்டர் மாடல். வீடு ராசிபுரம் பக்கம். அதனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், அதைவிட அதிகமாக அடிவாரத்து மண் தடங்களும் பழக்கம். நான் மெக்கானிக் இல்லை. வண்டியை நானே பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போய், திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். அந்த அளவுக்கு என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்: அண்ணா, செயின் லூசா இருக்குன்னு மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் டைட் வெச்சுத் தர்றார். அதுக்கப்புறம் ஒரு மாதிரி உறுமுற சத்தம் வருது. என்ன பண்றது?

அவர் கை பழகியது கம்யூட்டர் பைக்கில். எக்ஸ்பல்ஸின் பின் சக்கரம் 170 மி.மீ. மேலும் கீழும் போய் வரும். ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் தொங்கத்தான் செய்யும். பள்ளத்தில் இறங்கி சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கிற பல் சக்கரம்), பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகிற இடம் ஒன்று உண்டு. செயினுக்கு நீளம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். ஏற்கெனவே டைட்டாக இருந்தால் அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கில் போய் உட்காரும். உங்களுக்குக் கேட்கிற உறுமல் அநேகமாக அந்த இழுப்புதான். பேரிங் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். செயின் லூசாக இருந்தால் கொஞ்சம் சத்தம் வரும், ரொம்ப லூசானால் கழன்றுகொள்ளும். ஒரு பக்கம் தப்பு செய்தே ஆக வேண்டும் என்றால் லேசாக லூஸ் பக்கம் செய்யுங்கள்.

அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதன்படி வைத்துவிட்டு, கனமான ஒரு நண்பரை சீட்டின் பின்பக்கம் உட்கார வைத்து நன்றாக அமுக்கச் சொல்லுங்கள். அந்த நிலையிலும் செயினை விரலால் ஆட்ட முடிய வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, இருப்பதிலேயே டைட்டான இடம்தான் கணக்கு.

கழுவ மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் செயினுக்குள் இருக்கிற ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும். லூப்பை வண்டி ஓட்டி வந்த சூட்டில், செயினின் உள்பக்கமாக அடியுங்கள். சக்கரம் சுற்றும்போது அது தானாக வெளியே வரும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துணி பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் போய்விடும்.

கோவை: அண்ணா, என் உயரம் 5 அடி 2 அங்குலம். எக்ஸ்பல்ஸ் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா கால் எட்டலை. லோயரிங் லிங்க் போடலாமாங்க?

போடாதீர்கள், இப்போதைக்கு. சீட் உயரம் 823 மி.மீ. உங்களுக்கு இரண்டு காலும் எட்டாதுதான். எனக்கே ஒரு பாதம்தான் முழுசாக ஊன்றும். லிங்க் போட்டுப் பின்பக்கத்தை இறக்கினால் ஃபோர்க்கையும் அதற்கேற்ப இறக்க வேண்டும், சைடு ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டும், 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் போய்விடும். இந்த வண்டியை எதற்காக எடுக்கிறோமோ அதைத்தான் முதலில் கழற்றிப் போடுகிறோம்.

பதிலாக நிற்கும் விதத்தை மாற்றுங்கள். சீட்டில் இடப்பக்கம் பாதி நகர்ந்து இடது காலை மட்டும் ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில். காலியான மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதை மட்டும் செய்யுங்கள். நிறுத்தும் முன் தரையைப் பாருங்கள். காலுக்குக் கீழே பள்ளம் இருந்தால் இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். சீட் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கி ஓரங்களைக் குறுக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அது பிடிக்கவில்லை என்றால் வேறு சீட் மாட்டிக்கொள்ளலாம்.

வண்டி விழும். யார் ஓட்டினாலும் விழும். அதனால் தூக்கவும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். கியரில் போட்டு வையுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் கிராப் ரெயிலில், சின்னச் சின்ன அடியாகப் பின்னாலேயே நடந்து எழுங்கள். கால்தான் தூக்க வேண்டும், இடுப்பு இல்லை. எஃப்ஐ மாடல் (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ளது) விழுந்து எழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் பதறாதீர்கள். சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருக்கிறது. சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்.

இன்னொன்று: கிளட்ச், பிரேக் லிவர்களைப் பிடித்திருக்கும் போல்ட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். பலமாகத் தட்டினால் சுழலும் அளவுக்கு விடுங்கள். விழும்போது லிவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

ஈரோடு: மைலேஜ் எவ்ளோ தரும்ணே?

வேற வண்டி பாருங்க தம்பி.

சிவகங்கை: சார், டியூப் டயர்ங்கிறதுதான் பயமா இருக்கு. எங்க பக்கம் சீமைக் கருவேலம் அதிகம். ஆள் இல்லாத இடத்துல பஞ்சர் ஆனா?

பயப்பட வேண்டியதுதான், ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய பயம். என் முதல் பஞ்சர் கதையைச் சொல்கிறேன். பின் சக்கரம். ஒன்றரை மணி நேரம் போராடி டயரை ஒரு பக்கம் கழற்றி, டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்துப் பேட்ச் போட்டு மாட்டினேன். பெருமை தாங்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் போனதும் மறுபடி உட்கார்ந்துவிட்டது. முள்ளை எடுக்கவே இல்லை. டயருக்கு உள்ளே அரை அங்குலம் நீட்டிக்கொண்டு அது அப்படியே இருந்தது. அன்றிலிருந்து டயரின் உள்பக்கம் முழுக்கப் பழைய துணியை ஒரு சுற்று தேய்ப்பேன். விரலை விடாதீர்கள். துணி மாட்டுகிற இடத்தில் முள்.

கஷ்டம் டயரைக் கழற்றுவதில் இல்லை, டயர் ஓரத்தை ரிம்மில் இருந்து விடுவிப்பதில்தான். கூட இன்னொரு வண்டி இருந்தால், கழற்றிய சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, அந்த வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து வண்டியைச் சாய்த்தால் ‘டொப்’ என்று விடும். மாட்டும்போது சோப்புத் தண்ணீர். கடைசி ஒரு சாணுக்கு லிவரைப் போட்டு மல்லுக்கட்டுகிறீர்களா? எதிர்ப்பக்கத்து டயர் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். அங்கே முழங்காலை ஊன்றி அமுக்குங்கள், இந்தப் பக்கம் தானாக இடம் கிடைக்கும். பலத்தைக் காட்டினால் புது டியூபை லிவரே கடித்துவிடும். நான் அப்படியும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

பையில் 21 அங்குல முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு 18 அங்குலப் பின் டயரிலும் அதை மடிப்பு விழாமல் திணித்து ஊர் வந்து சேரலாம். திரும்பி வந்ததும் மாற்றிவிடுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் இறங்கும்போது கம்பெனி சொன்ன அளவில் இருந்து 5, 6 பிஎஸ்ஐ குறைப்பேன். ஆனால் 18-க்குக் கீழே போவதில்லை. அதற்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும். தார் ரோடு ஏறியதும் மறுபடி நிரப்பக் கையில் பம்ப் இருக்க வேண்டும். இல்லை என்றால் குறைக்கவே வேண்டாம்.

வவுனியா: அண்ணை, என்னட்ட பழைய சுசுகி ஜெபல் 200 நிக்குது. மூண்டு மாசம் ஓடாமல் விட்டிட்டன். இப்ப ஸ்டார்ட் எடுக்குது, ஆனா சோக்கை உள்ள தள்ளினா நிண்டுபோகுது. பெற்றோல் புதுசா அடிச்சும் சரிவரேல்லை.

உங்கள் ஜெபலை இங்கே கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் நோய் எனக்குத் தெரிந்த நோய். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் தேங்கிய பழைய பெட்ரோல் ஆவியாகி, மிச்சமான பிசின், ஐடிலுக்குப் பெட்ரோல் விடுகிற பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். அதன் துளை ஊசி முனை அளவுதான். டேங்கில் புதுப் பெட்ரோல் ஊற்றுவதால் அது கரையாது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். பெரிய ஜெட் மெயின், பக்கத்தில் ஒல்லியாக உள்ளே தள்ளி இருப்பது பைலட். திருகுக்குப் பொருத்தமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும், பித்தளை சீக்கிரம் நொறுங்கும். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். இனி நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

சேலம்: அண்ணே, ஓடையில இறக்கினேன், நடுவுல ஆஃப் ஆயிடுச்சு. செல்ஃப் அடிச்சுப் பார்த்தேன், ‘டக்’குன்னு நின்னுடுச்சு. இப்ப வீட்ல நிக்குது.

தம்பி, இனி அந்த பட்டனைத் தொடாதே. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்த ‘டக்’ அதுவாக இல்லாமல் இருக்கட்டும்.

வரிசையாகச் செய். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. காகித ஃபில்டர் நனைந்திருந்தால் காயவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்று. சாவி ஆஃபில் இருக்க, கிக்கர் இருந்தால் அதை மெதுவாக அமுக்கு. இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்று. பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீச்சும். முகத்தை அங்கே வைக்காதே. பிறகு ஆயிலைப் பார். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்று. எந்த ஆயில் ஊற்றினாலும் டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்கிற ஜேஏஎஸ்ஓ எம்ஏ2 (JASO MA2) குறி இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

அடுத்த தடவை, வண்டியை இறக்கும் முன் நீ இறங்கி நட. முழங்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் திரும்பிவிடு.

நாகர்கோவில்: கல்லு ரோட்டுல இறக்கத்துல முன் பிரேக் தொடவே கூடாதுன்னு சொல்றாங்களே?

தொட வேண்டும், பிடுங்கக் கூடாது. முதல் கியர், கிளட்ச்சை விட்டுவிடுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். முன் பிரேக்கில் ஒரு விரல். பின் பிரேக் லேசாக. கிளட்ச்சைப் பிடித்த நொடியில் வண்டி தள்ளுவண்டி ஆகிவிடும். இறக்கத்தில் நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல் அதனால்தான். என் மாடலில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். கல்லில் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும்போது வண்டி நிற்கவே நிற்காது என்று தோன்றும். வேகத்தை அதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும்.

நின்று ஓட்டும்போது கை வலிக்கிறது என்று இதே ஊரில் இருந்து இன்னொருவர். கையால் தொங்குகிறீர்கள். முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள்.

திருச்சி: வாட்டர் சர்வீஸ் விடலாமா சார்?

விடலாம், ஆனால் வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்), செயின் பக்கம் அந்த குழாய் வரக் கூடாது. நான் ஒரு வாளித் தண்ணீரும் துணியும்தான். காரணம் சிக்கனம் இல்லை. ஒவ்வொரு ஸ்போக் கம்பியையும் துடைக்கும்போது ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவேன். இறுக்கமானது ‘டிங்’ என்னும், லூசானது ‘டொக்’ என்னும். புது வண்டியில் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் சிலது லூசாகும். ஒன்று ‘டொக்’ என்றால் அதை முறுக்கலாம். வரிசையாக நாலு என்றால் ரிம் கோட்டம் எடுக்கிற ஆளிடம் போங்கள்.

ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் பழைய எக்ஸ்ரே பிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் சின்னக் கொக்கி மாதிரி நறுக்கி, மேல் ரப்பரைத் தூக்கிவிட்டு சீலுக்குள் நுழைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். உள்ளே சிக்கிய மண் வெளியே வரும். பல நேரம் கசிவு அதோடு நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரே இப்படித்தான் தீர்ந்தது.

சாத்தான்குளம்: தேரி மணல்ல ஓட்டணும்ணு ஆசை. முன் சக்கரம் பாம்பு மாதிரி நெளியுது.

முதலில் இடம். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு இருக்கிறது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லேயே வந்தது. தடம் தெரிகிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் வண்டியை விட முடியாது. அதற்கு வெளியே, ஊர்ப் பாதையாக இருக்கிற மணலில் ஓட்டுங்கள்.

நெளியட்டும். அதை நேராக்கப் போனால்தான் விழுவீர்கள். எழுந்து நின்று, இடுப்பைப் பின்னால் தள்ளி, ஹேண்டில்பாரைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, ஆக்சிலேட்டரை விடாமல் ஒரே சீராகக் கொடுங்கள். பயத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் எடை முழுக்க முன்னால் வந்து சக்கரம் புதையும். புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பள்ளம் தோண்ட வேண்டாம். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சக்கரம் இருந்த குழியை மணலால் மூடி, அதன் மேல் நிமிர்த்துங்கள். காலை எட்டு மணிக்குள் போங்கள். பனி ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகி இருக்கும், வெயில் ஏறினால் மாவு.