காட்சிகளும் குறியீடுகளும்: கொடை மலையிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

கனவிலும் தியானத்திலும் சில வேளை விழித்த கண்ணோடும் கண்ட காட்சிகளை டாரட் சீட்டுகள், யூதர்களின் மறைஞான மரபாகிய கபாலா ஆகியவற்றின் குறியீடுகளைக் கொண்டு எப்படிப் புரிந்துகொள்வது என்று கொடைக்கானலிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பலர் கேட்டிருக்கிறார்கள். பெயர்களை நீக்கி ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (வட்டக்கானல்): ஐயா, நான் இங்கே தங்கும் அறைகள் நடத்துகிறேன். என் டாரட் கட்டைப் பார்த்த இஸ்ரேலிய விருந்தினர் ஒருவர், இதற்கும் கபாலாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சிரித்தார். ஆனால் என்னிடம் உள்ள நூல், 22 பெரிய சீட்டுகளும் கபாலாவின் உயிர் விருட்சத்தில் உள்ள 22 பாதைகளே என்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் விருந்தினர் தம் மரபைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கிறார், நூலும் முற்றிலும் பொய் சொல்லவில்லை, ஆனால் காலத்தை மறைத்துவிட்டது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. மிலான் பிரபுக் குடும்பங்களுக்காகப் பொன் தகடு ஒட்டி வரையப்பட்ட சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கபாலாவின் வேர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. இறைமை வெளிப்படும் பத்து நிலைகளான செஃபிரோத்துகளும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளும் சேர்ந்து ஞானத்தின் 32 பாதைகள் ஆகின்றன என்று சொல்லும் ‘செஃபெர் யெட்சிரா’வும், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் அரமேய மொழியில் வெளிப்பட்ட ‘சோஹரு’ம் சீட்டு என்ற பொருளையே அறியாதவை.

இரண்டையும் இணைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1781இல் பாரிஸில் கூர் த ஜெபெலான் என்ற எழுத்தாளர், டாரட் பழைய எகிப்தியரின் ஞானநூல் என்று சான்று எதுவும் இன்றி எழுதினார். அதே தொகுதியில் இடம்பெற்ற மற்றொரு கட்டுரை சீட்டுகளை எபிரேய எழுத்துகளோடு பொருத்தியது. 1850களில் எலிஃபாஸ் லேவி என்ற மறைஞான எழுத்தாளர் அதை ஒரு முழு அமைப்பாக்கினார். 1888இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானக் குழு அந்த அட்டவணையை மாற்றி அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆர்தர் வெயிட்டும் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்தும் 1909இல் வெளியிட்ட கட்டைத்தான் இன்று பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள்.

மாற்றி அமைத்தது என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். லேவியின் வரிசையில் மந்திரவாதிச் சீட்டுக்கு முதல் எழுத்தாகிய அலெஃப். பேதைச் சீட்டு கடைசிக்கு முந்தைய ஷின். லண்டன் குழுவோ பேதையை முதலில் வைத்து அலெஃபைக் கொடுத்ததால், மந்திரவாதி இரண்டாம் எழுத்தாகிய பேத்துக்கு நகர்ந்தார். தொடர்ந்து வரும் சீட்டுகளின் எழுத்துகளும் அப்படியே இடம் பெயர்ந்தன. ஆதி காலத்திலிருந்து கைமாறாமல் வந்த ரகசியம் என்றால் இப்படி நகர்ந்திருக்காது. அதனால் அட்டவணை பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். அது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஒரு சிந்தனைக் கருவி. அந்த அளவுக்கு மதித்துப் பயன்படுத்தலாம்.

கேள்வி (கொடைக்கானல்): மழை விட்ட ஒரு பிற்பகலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்றிருந்தேன். எதிரே பள்ளத்தாக்கில் எழுந்த மூடுபனியில் மிகப் பெரிய மனித உருவம் ஒன்று தெரிந்தது. அதன் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள் இருந்தன. நான் கை கூப்பியதும் அதுவும் கூப்பியது. இது உயிர் விருட்சத்தின் நடுவே உள்ள திஃபெரெத் என்ற செஃபிராவின் தரிசனமா? சூரியச் சீட்டு என்கிறாள் என் தோழி.

பதில்: அம்மா, நீங்கள் கண்டது உங்கள் நிழல்தான். கதிரவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருக்க, எதிரே மூடுபனி அடர்ந்திருந்தால் நிழல் அதன் மேல் விழும். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைத்தொடரில் உள்ள சிகரத்தின் பெயரால் அதை ‘ப்ரோக்கன் ஆவி’ என்பார்கள். 1872இல் போடப்பட்ட நம் கோக்கர்ஸ் வாக் செங்குத்தான சரிவின் விளிம்பில் செல்வதால் அங்கே அது காணக் கிடைக்கிறது. நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வளையங்கள் உண்டாகின்றன. அவை பார்ப்பவரின் தலை நிழலை மையமாகக் கொண்டே அமையும். உங்கள் தோழி பக்கத்தில் நின்றிருந்தால், அவர் தம் தலையைச் சுற்றித்தான் வளையத்தைக் கண்டிருப்பார், உங்கள் தலையைச் சுற்றி அன்று.

காரணம் தெரிந்ததும் காட்சி செத்துவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் பெயர் சூட்டுவதில் அவசரம் கூடாது என்பதை யூத மரபு மிகக் கண்டிப்பாகச் சொல்கிறது. நால்வர் ‘பர்தேஸ்’ என்னும் தோட்டத்துக்குள் நுழைந்த கதை யூதர்களின் பழைய நெறிநூலான தல்மூத்தில் வருகிறது. பென் அஸ்ஸாய் கண்டு இறந்தார். பென் சோமா கண்டு புத்தி பேதலித்தார். எலிஷா பென் அபூயா மரபையே விட்டு விலகினார். ரப்பி அகீவா மட்டும் அமைதியாகப் போய் அமைதியாக வெளியே வந்தார். அந்த அகீவா மற்றவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை ஒன்றுதான்: தூய பளிங்குக் கற்களை அடையும்போது ‘தண்ணீர், தண்ணீர்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தைத் தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் படியுங்கள். கபாலாவின் காட்சி மரபு முழுவதற்கும் அதுதான் ஊற்று. கேபார் நதியருகே அவர் கண்ட உருவத்தைச் சுற்றியும், மழை நாளின் மேகத்தில் தோன்றும் வானவில் போன்ற பிரகாசம் இருந்தது. அங்கும் அவர் கடவுளைக் கண்டேன் என்று எழுதவில்லை. மகிமையின் சாயலுக்குரிய தோற்றம் என்று இரண்டு படி தள்ளி நின்றே எழுதுகிறார். நீங்களும் அப்படியே எழுதி வையுங்கள்.

சூரியச் சீட்டு இதற்குப் பொருந்தாது. வெயிட்டின் சீட்டில் மதிலுக்கு மேல் சூரியகாந்திகள் தெரிய, வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை வெட்டவெளியில் வருகிறது; பனியும் இல்லை, நிழலுருவும் இல்லை. உங்கள் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது கை கூப்பிய வரிசைதான். முதலில் கூப்பியவர் நீங்கள். யாரென்று எண்ணிக் கூப்பினீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். குறியீட்டு வேலை அங்கே தொடங்கும்.

கேள்வி (பெருமாள்மலை): நான் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். பனிக்குள் மூன்று கல் தூண்கள் நின்று, நடுத்தூண் மட்டும் ஒளிர்வதாக அடிக்கடி கனவு வருகிறது. உயிர் விருட்சத்துக்கும் மூன்று தூண்கள் உண்டாமே?

பதில்: உண்டு. அதற்கு முன்னால், பயணிகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் தூண் பாறைகளுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள் என்று யோசியுங்கள். மனிதனுக்குக் கனவில் காட்டப்படுவதெல்லாம் அவன் நெஞ்சின் எண்ணங்களே என்று தல்மூத் சொல்கிறது. பொன்னால் ஆன பேரீச்ச மரத்தையோ ஊசிக் காதில் நுழையும் யானையையோ யாரும் கனவில் காண்பதில்லை என்பது அது காட்டும் சான்று. ஆகவே தூண்கள் எங்கிருந்து வந்தன என்பதில் மர்மம் இல்லை. நடுத்தூண் ஏன் ஒளிர்ந்தது என்பதற்கு மட்டும் விருட்சத்திடம் போகலாம். அதன் வலத்தூண் ஹெஸெத் என்னும் வாரி வழங்கும் அருள். இடத்தூண் கெவுரா என்னும் எல்லை வகுக்கும் கண்டிப்பு. நடுவில் இரண்டும் சமன்படுகின்றன. டாரட்டின் பெண் பூசாரிச் சீட்டில் சாலொமோன் ஆலயத்தின் யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்கள் மட்டுமே உண்டு; அவற்றின் இடையே அமர்ந்திருப்பவளே மூன்றாவது. கொடுப்பதா மறுப்பதா என்று நீங்கள் இப்போது இழுபடுகிற விஷயம் ஏதும் இருந்தால், இந்த விளக்கத்தைப் படிக்கும்போதே அது நினைவுக்கு வந்திருக்கும். வரவில்லை என்றால் பாறையைப் பாறையாகவே விட்டுவிடலாம்.

கேள்வி (பழனி): மலை உச்சியில் கோலூன்றித் தனியே நிற்கும் உருவத்தைத் தியானத்தில் கண்டேன். எங்கள் ஆண்டவரா, டாரட்டின் துறவிச் சீட்டா?

பதில்: அடிவாரத்தில் வளர்ந்தவருக்கு இந்தச் சந்தேகம் வருவதே எனக்கு வியப்பு. துறவிச் சீட்டில் இருப்பவர் வெண்தாடி முதியவர். சாம்பல் அங்கி, பனிச் சிகரம், கையில் அறுமுனை விண்மீன் எரியும் விளக்கு. பழைய இத்தாலியச் சீட்டில் விளக்குக்குப் பதிலாக மணற்கடிகாரம் இருந்தது. அவர் காலத்தின் உருவம். தண்டாயுதபாணியோ கனிக்காகக் கோபித்து வந்த இளையவர். கோவணமும் தண்டமும் தவிர வேறொன்றும் இல்லாதவர். நீங்கள் கண்டவர் முதியவரா இளையவரா, விளக்கு இருந்ததா என்று கேள்வியில் இல்லை. தாடியும் விளக்கும் இல்லையென்றால், தாலாட்டிலேயே உங்களுக்குள் வந்துவிட்ட உருவத்துக்கு லண்டன் அட்டவணையிலிருந்து யோத் என்ற எழுத்தை எடுத்து ஒட்ட வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (பண்ணைக்காடு): அம்மா கண்ட கனவுக்காகச் சீட்டுப் பார்க்கும் ஒருவரிடம் போனோம். மரணச் சீட்டும் கோபுரச் சீட்டும் வந்தன. பரிகாரம் செய்யாவிட்டால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்று சொல்லி, பெருந்தொகை கேட்கிறார். அம்மா சாப்பிடாமல் இருக்கிறார்.

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மரணச் சீட்டை அம்மாவின் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் குதிரை மேல் கவசமணிந்த எலும்புக்கூடு வருகிறது. அதன் கொடியில் வெள்ளை ரோஜா. பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு இடையே சூரியன். ஒரு நிலை முடிந்து இன்னொன்று தொடங்குவதையே சீட்டு வாசிப்போர் அதில் காண்பது வழக்கம். இன்னாருடைய உயிர் போகும் என்று குறித்துச் சொல்லும் ஆற்றல் எந்தச் சீட்டுக்கும் கிடையாது.

அந்த நபரைப் போன்றவர்களைத் தல்மூத் நன்றாகவே அறிந்திருக்கிறது. பார் ஹெத்யா என்று ஒரு கனவுப் பலன் சொல்பவர் இருந்தார். அபாயே, ராவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே கனவைக் கண்டதாக அவரிடம் போனார்கள். அபாயே காசு கொடுத்தார், ராவா கொடுக்கவில்லை. ஒரே கனவுக்கு அபாயேவுக்கு வியாபாரம் பெருகும் என்றும், ராவாவுக்கு நட்டம் வரும் என்றும் பலன் சொன்னார். இப்படியே கனவுக்குக் கனவு நடந்தது. கடைசியில் அவர் தவறவிட்ட நூலைக் கையில் எடுத்த ராவா, ‘கனவுகள் எல்லாம் வாயைப் பின்தொடர்கின்றன’ என்று அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சபித்தார். பலன் சொல்கிற வாய்க்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான கதை வேண்டியதில்லை.

மனம் கலங்கும் கனவுக்கு அந்த மரபிலேயே ஒரு சடங்கும் உண்டு, செலவில்லாதது. கனவு கண்டவர் தம்மிடம் அன்புள்ள மூவரை அழைத்து, ‘நான் நல்ல கனவு கண்டேன்’ என்று சொல்ல, அவர்கள் ‘நல்லதே, நல்லதாகவே ஆகட்டும்’ என்று பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் அக்கா தங்கைகளையோ பக்கத்து வீட்டாரையோ உட்கார வைத்து இன்றே இதைச் செய்யுங்கள். பிறகு ஒரு வாய் கஞ்சி குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வில்பட்டி): எனக்கு வயது 22. நாற்பது வயதுக்கு முன் கபாலா படிக்கக் கூடாதாமே?

பதில்: அப்படி ஒரு கட்டுப்பாடு பிற்காலத்தில் வலியுறுத்தப்பட்டது உண்மை. ஆனால் சஃபேத் நகரில் கபாலாவின் போக்கையே மாற்றிய ஐசக் லூரியா 1534இல் பிறந்து 1572இல் மறைந்தவர். நாற்பதைத் தொடவே இல்லை. வயதைவிட அடிப்படைதான் முக்கியம். ஆதியாகமத்தையும் எசேக்கியேலையும் படிக்காமல் விருட்சத்தின் படத்தை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

கேள்வி (தாண்டிக்குடி): செஃபிரோத்துகளும் நம் ஆறு ஆதாரங்களும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. ஆதாரங்கள் யோகியின் உடலில் கீழிருந்து மேலே எழுபவை. செஃபிரோத்துகள் எல்லையற்ற இறைமையிலிருந்து மேலிருந்து கீழே வெளிப்படுபவை. ஒப்பிட விரும்பினால் எழுத்துகளை ஒப்பிடுங்கள். எழுத்துகளால் உலகம் படைக்கப்பட்டது என்னும் செஃபெர் யெட்சிராவுக்கு அருகே, ஐந்தெழுத்தில் ஒவ்வொன்றுக்கும் இறை, அருள், உயிர், மறைப்பு, மலம் எனப் பொருள் காணும் சைவ மரபை வைத்துப் படித்தால் வேறுபாடும் நெருக்கமும் நன்றாகத் தெரியும்.

கேள்வி (கொடைக்கானல்): என் தம்பிக்குப் பல நாட்களாகத் தூக்கம் இல்லை. உண்ணாதே என்று ஒரு குரல் கட்டளையிடுவதாகச் சொல்கிறான். இது எந்தச் செஃபிராவின் குரல்?

பதில்: சீட்டையும் விருட்சத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கீழே இறங்கும் வரை 14416 என்ற டெலி மனாஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். தம்பியைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி (பூம்பாறை): பூண்டு விவசாயி நான். காட்சிகளைக் குறித்து வைத்துச் சீட்டுகளோடு ஒப்பிட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது, எந்தக் கட்டு வாங்குவது?

பதில்: கண்டதை முதலில் குறியீட்டுப் பெயர் எதுவும் கலக்காமல் எழுதுங்கள்: நிறம், எண்ணிக்கை, திசை, யார் அசைந்தார், யார் பேசினார். ஓரிரு நாள் கழித்துச் சீட்டுகளைக் குலுக்காமல் முகம் மேலாகப் பரப்பி, நெருக்கமாகத் தோன்றும் ஒன்றை நீங்களே எடுங்கள். ஒற்றுமையை விட்டுவிட்டு, சீட்டில் இருந்து உங்கள் காட்சியில் இல்லாதது எது, காட்சியில் இருந்து சீட்டில் இல்லாதது எது என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். சந்திரச் சீட்டில் நாயும் ஓநாயும் ஊளையிட, குளத்திலிருந்து ஒரு நண்டினம் கரையேறுகிறது. உங்கள் காட்சியில் நிலவும் நாயும் மட்டும் இருந்து குளம் இல்லையென்றால், அந்த இன்மைதான் நீங்கள் யோசிக்க வேண்டிய இடம்.

1909ஆம் ஆண்டுக் கட்டின் மறுபதிப்பு போதும். அதில் 56 சிறு சீட்டுகளிலும் முழுக் காட்சிகள் வரையப்பட்டிருப்பதால் ஒப்பிட எளிது. வாங்கும்போது எட்டாம் எண்ணைப் பாருங்கள். பழைய பிரெஞ்சு வகையான மார்செய் முறைக் கட்டுகளில் எட்டு நீதி, பதினொன்று வலிமை. வெயிட் கட்டில் இவ்விரண்டும் இடம் மாறி இருக்கும். கட்டு ஒரு முறையிலும் விளக்க நூல் மறு முறையிலும் இருந்தால், அந்த இரண்டு சீட்டுகளுக்கும் நூல் சொல்லும் எபிரேய எழுத்தை எண்ணைப் பார்த்து எடுக்காமல் சீட்டின் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.