வாய்தா தேதியைக்கூடச் சொல்லாத வக்கீல்: இப்போது என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறேன். அப்பா விட்டுப்போன 60 சென்ட் நிலம் திருச்சி மாவட்டத்தில் எங்கள் ஊரில் இருக்கிறது. அதன் வழியாகத் தனக்குப் பாதை உரிமை உண்டு என்று பெரியப்பா மகன் என் மேல் வழக்குப் போட்டார். ஊரில் சொன்னார்கள் என்று உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்தேன். மூன்று வருடமாக எப்போது போன் செய்தாலும் “வாய்தா போட்டிருக்கு, நான் பாத்துக்கிறேம்மா” என்பார். கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு முன்பே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது என்று போன வாரம் எதிர்த்தரப்பு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேஸ் கட்டைக் கேட்டால், பாக்கி பீஸைக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறார். இவரை ஊரில் ஒருவர் தெய்வம் என்கிறார், இன்னொருவர் காது கூசத் திட்டுகிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? அடுத்த வக்கீலை எதை நம்பி வைப்பது?

பதில்: சகோதரி, முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள். வக்கீல் மேல் புகார் அப்புறம்.

எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமல் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் மனுப் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 9, விதி 13 இதற்கானது. கெடு 30 நாள். சம்மனே வராதவர்களுக்கு, தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும். உங்களுக்குச் சம்மன் வந்து, உங்களுக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரமான வக்காலத்தையும் வக்கீல் போட்டுவிட்டதால் தீர்ப்பு நாளிலிருந்தே எண்ணுவார்கள். ஆக, ஏறக்குறைய ஒரு மாதம் தாமதம் ஆகியிருக்கிறது. காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு மாதம் என்பது கோர்ட்டுகள் அன்றாடம் பார்க்கிற தாமதம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இந்த வாரமே கிளம்புங்கள். மனுக்களோடு, வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதிலான எதிர்வழக்குரையையும் தயாராக வைத்துத் தாக்கல் செய்வது நல்லது. வழக்கை நடத்த நீங்கள் உண்மையிலேயே தயார் என்பதை நீதிபதிக்கு அது காட்டும்.

“எல்லாம் வக்கீல் தப்பு” என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வக்கீலின் தவறுக்காகக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று 1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் அதை எடுத்துக் காட்டி வாதாடுகிறோம். ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதோடு கடமை முடிந்தது என்று கட்சிக்காரர் ஒதுங்கி இருக்க முடியாது, அவரும் விசாரித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் அண்மைக் காலத்தில் அழுத்தமாகச் சொல்லிவருகிறது. நீங்கள் விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள். அதற்கான ஆதாரத்தைத் திரட்டுங்கள்: எந்தெந்தத் தேதியில் போன் செய்தீர்கள், வாட்ஸ்ஆப்பில் என்ன கேட்டீர்கள், அவர் என்ன பதில் போட்டார், ஜிபே மூலம் எப்போது எவ்வளவு அனுப்பினீர்கள். எதையும் அழித்துவிடாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரமாகப் போடும் தேதிகள் உண்மையாக இருக்கட்டும். பிரமாணப் பத்திரத்தில் ஒரு தேதி பொய்யானால் மற்றதும் நம்பப்படாது.

அடுத்து, மூன்று வருடம் உள்ளே என்ன நடந்தது என்று நீங்களே பாருங்கள். இதற்கு யாருடைய தயவும் வேண்டாம். ‘இ-கோர்ட்ஸ்’ என்ற அரசு செயலி இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் தெரிந்தால் அதைப் போடலாம். தெரியாவிட்டால் வழக்கு எண்ணையோ உங்கள் பெயரையோ போட்டுத் தேடலாம். ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகப் போடப்பட்டது, அன்று என்ன நடந்தது என்பது வரிசையாகக் கிடக்கும். எதிர்வழக்குரைக்காக, எதிர்வழக்குரைக்காக என்று பல தேதிகள் ஓடி, கடைசியில் எக்ஸ்பார்ட்டி ஆகியிருந்தால், வக்கீல் அதைத் தாக்கலே செய்யவில்லை என்று பொருள். சம்மன் கிடைத்த 30 நாளில், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாளுக்குள், போட்டிருக்க வேண்டியது அது.

இங்கே ஒன்றை நேர்மையாகக் கேட்க வேண்டும். எதிர்வழக்குரையில் கையெழுத்துப் போட வாருங்கள், பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்று அவர் அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிட்டார்களா? வேலை விட முடியாமல் தள்ளிப் போட்டீர்களா? அப்படி இருந்தால் புது வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இருபது வருடத்துக்கு மேல் சிவில் கோர்ட்டில் நிற்கிறவன் நான். கட்சிக்காரர் வராமலே கெட்டுப்போன வழக்குகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேஸ் கட்டு விஷயத்தில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம். போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு வக்கீலாக இருந்தவர், 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில்முறைத் தவறு என்று 2000-ல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் தீர்ப்பானது. பாக்கி இருந்தால் அவர் சட்டப்படி தனியாக வசூலிக்கலாம், கட்டு உங்களுடையது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், மரியாதையான சொற்களில். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிராது (எதிர்த்தரப்பு போட்ட வழக்கு மனு), தீர்ப்பு, உத்தரவுகள் எல்லாவற்றுக்கும் கோர்ட்டில் நகல் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். அசல் கிரயப் பத்திரம் அவரிடம் மாட்டிக்கொண்டிருந்தால்கூட, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகலை வாங்கி வேலையை நகர்த்தலாம்.

வக்காலத்து மாற்ற, பழைய வக்கீல் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருவது வழக்கம். தர மறுத்தால் புது வக்கீல் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்கிக்கொள்வார். கையெழுத்துக் கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் பிடிக்காத வக்கீலிடமே கிடக்க வேண்டியதில்லை.

நுகர்வோர் கோர்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியாது. வக்கீலின் சேவைக் குறைபாடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: வக்கீல் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்பதில் நேரடிக் கட்டுப்பாடு கட்சிக்காரரிடம் இருக்கிறதாம். படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சட்டப்படி அது சரி. ஆனால் வராண்டா ஓரத்தில் நின்று “ஐயா, அடுத்த தேதி என்னைக்குங்க?” என்று கேட்கவே தயங்குகிற எத்தனை பேருக்கு அந்தக் கட்டுப்பாடு தங்கள் கையில் இருப்பது தெரியும்?

புகார் என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் 35-வது பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து, கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யவிடாமல் நிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிப் போக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் குழு உங்கள் தீர்ப்பை மாற்றித் தராது. வழக்கில் தோற்றது மட்டும் புகாருக்குக் காரணம் ஆகாது. தேதி சொல்லாதது, கட்டைத் தராதது, பணத்துக்குக் கணக்குக் காட்டாதது போன்றவை காரணம் ஆகும்.

சரி, ஒரே வக்கீலை ஒருவர் கும்பிடுகிறார், இன்னொருவர் திட்டுகிறார் என்றீர்களே. இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். கும்பிடுகிறவர் விபத்து இழப்பீட்டு வழக்குக்குப் போயிருப்பார், பெரிய தொகை வந்திருக்கும். அந்த வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு, கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்து வரைபடம் போட்டு வருடக்கணக்கில் இழுக்கும் பாதை வழக்கில் பொறுமை இல்லாமல் போகலாம். இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. விபத்து வழக்குகளில் அது நடக்கிறது என்பதால் சரி என்று ஆகிவிடாது.

அதனால் “ஜெயிச்சுக் கொடுத்தாரா?” என்று விசாரிக்காதீர்கள். தேதி சொன்னாரா, தாக்கல் செய்ததன் நகல் கொடுத்தாரா, ரசீது தந்தாரா, உங்கள் பக்கம் எங்கே பலவீனம் என்று ஆரம்பத்திலேயே சொன்னாரா என்று கேளுங்கள். இதற்கு ஆம் என்று வந்தால், தோற்றவர் சொல்லும் பாராட்டாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் தோற்ற பிறகும் ஒருவர் தன் வக்கீலை மெச்சினால் அதற்கு மதிப்பு அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் தன் இடத்தில் கட்டிய சுவரை இடிக்கச் சொல்லி வழக்குப் போட்டு ஜெயித்தார். அவருடைய வக்கீல் குறுக்கு விசாரணையில் புலி. தீர்ப்பு வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டு இவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். சுவரை அகற்றச் சொல்லும் இப்படிப்பட்ட செயலுறுத்துக் கட்டளைக்கு மூன்றே வருடத்துக்குள், தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுப் போட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான்காம் வருடம் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தீர்ப்பு கையில் இருந்தது, சுவரும் அப்படியே நின்றது. இன்னொரு பெரியவருக்கு எங்கள் கோர்ட்டிலேயே ஒரு வக்கீல் முதல் நாளே சொன்னார்: “ஐயா, உங்க பத்திரத்துல எல்லை சரியா இல்ல, இது நிக்காது, சமாதானமாப் போயிடுங்க.” பெரியவருக்கு அன்று கோபம். வேறு இரண்டு பேரிடம் போய்க் கேட்டுவிட்டு அவரிடமே திரும்பி வந்தார். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைத்தது.

இணையத்தில் நட்சத்திரம் போட்டு வக்கீல்களை வரிசைப்படுத்தும் தளங்களை நம்பிப் போக வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இப்படித் தளங்கள் வழியே ஆள் பிடிப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அதற்குப் பதில் உங்கள் வழக்கு நடக்கும் கோர்ட்டில் ஒரு நாள் காலை முழுக்கப் பின்வரிசையில் உட்காருங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பவர் யார், கட்டோடு தயாராக இருப்பவர் யார், வாய்தா மட்டும் கேட்பவர் யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

புது வக்கீலிடம் பீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோர்ட் கட்டணம், டைப்பிங், கமிஷனர் கட்டணம் எல்லாம் செலவு, அவை பீஸில் சேராது. வங்கி வழியே கொடுங்கள். வெற்று வக்காலத்திலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தைப் படித்துப் பாருங்கள். சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம்கூடப் பெரும்பாலும் அதில் அச்சிட்டிருக்கும். அசல் பத்திரத்தைக் கோர்ட்டில் காட்ட வேண்டிய அன்று மட்டும் கொடுத்தால் போதும்.

பணம் ஒரு தடையாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன்படி இலவசமாக வக்கீல் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வட்ட அளவிலான குழுவிலோ ஒரு மனுக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இலவசம் என்றால் ஏனோதானோ என்று இருக்கும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. அக்கறையாக நடத்தும் இளம் வக்கீல்களை அங்கே நான் பார்த்திருக்கிறேன். அவர்களையும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டே பாருங்கள்.

தீர்ப்பு ரத்தாகி வழக்கு மறுபடி ஆரம்பித்தால், சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம். பெரியப்பா மகனோடு பாதை அகலத்தில் ஒத்துப்போக முடிந்தால், அவர் கட்டிய கோர்ட் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காக ரத்து மனுவை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.