வலிப்பு ஸ்பிரே: ஒரு முறையா, பத்து முறையா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எடை 24 கிலோ. இரண்டு வருடமாக வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறாள். போன மாதம் வந்த வலிப்பு ஏழு நிமிடம் நிற்கவில்லை. அதன் பிறகு டாக்டர் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே எழுதிக்கொடுத்தார். சீட்டில் ‘10 முறை’ என்று இருக்கிறது. வீடியோக்களில் ஒரே ஒரு முறைதான் அடிக்கிறார்கள். பத்து முறை அடித்தால் மூச்சு நின்றுவிடாதா? கையில் இரும்பைக் கொடுத்தாலே நின்றுவிடும், ஸ்பிரே எதற்கு என்கிறார் மாமியார். எப்போது, எப்படி அடிக்க வேண்டும்?

பதில்: சீட்டில் இருப்பது சரியான அளவுதான். வீடியோவில் காட்டுவதும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு கருவிகள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற மிடாசோலம் ஸ்பிரே 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. ஒரே முறை அழுத்தினால் 5 மில்லிகிராம் மருந்து முழுவதும் வெளியே வந்துவிடும், அதோடு கருவியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். நம் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைப்பதோ சின்ன பாட்டில். அதில் ஒரு முறை அழுத்தினால் 0.1 மில்லி திரவம்தான் வரும், அதில் இருக்கும் மருந்து 0.5 மில்லிகிராம். அங்கே ஒரு அழுத்தில் கிடைப்பது இங்கே பத்து அழுத்தில் கிடைக்கிறது.

குழந்தைகளுக்கு மூக்கு வழி மிடாசோலம் வழக்கமாக ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. உங்கள் மகளுக்கு 24 × 0.2 = 4.8 மில்லிகிராம். அதை 0.5 ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்றுக் குறைவு. டாக்டர் பத்து என்று எழுதியிருக்கிறார். வலது மூக்கில் ஐந்து, இடது மூக்கில் ஐந்து. குழந்தை 30 கிலோ ஆகும்போது இதே கணக்கு 12க்குப் போகும். ஆகவே ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் எடை போட்டு, எண்ணிக்கையை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு அழுத்துக்கு 1.25 மில்லிகிராம் தரும் பாட்டிலும் கடைகளில் உண்டு. அதில் உங்கள் மகளுக்கு நான்கு முறையே போதும். கடையில் பாட்டில் மாறி வந்தால், பழைய சீட்டைப் பார்த்து பத்து முறை அடித்தால் 12.5 மில்லிகிராம் போய்விடும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அட்டையில் ‘ஒரு ஸ்பிரேக்கு எவ்வளவு’ என்ற வரியைப் படித்து, டாக்டர் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் கடையை விட்டு நகர்வதற்கு முன் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

இனி மூச்சு பற்றிய பயம். அது நியாயமான பயம்தான், இந்த வகை மருந்துகள் மூச்சைத் தணிக்கக் கூடியவை. ஆனால் நிற்காத வலிப்பும் மூச்சைக் கெடுக்கிறது, பெரும்பாலும் மருந்தை விட அதிகமாக. சான் பிரான்சிஸ்கோவில் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் பெரியவர்களுக்கு வலிப்பு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. மிடாசோலம் வகை மருந்துகளான லோராசிபாம் அல்லது டயசிபாமை நரம்பு ஊசியில் பெற்றவர்களில் மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல் வந்தது சுமார் பத்து சதவீதம் பேருக்கு. மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களில் அது 22.5 சதவீதம். கொடுக்காமல் விட்டதுதான் கூடுதல் ஆபத்தாக முடிந்தது.

பயத்தில் வீட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரியானது. இரண்டு முறை அடித்துவிட்டு, “பார்ப்போம், நிற்கிறதா” என்று காத்திருப்பார்கள். 24 கிலோ குழந்தைக்கு ஒரு மில்லிகிராம் என்பது வலிப்பை நிறுத்தவும் போதாது, மூளைக்கு ஓய்வு கொடுக்கவும் போதாது. நிமிடங்கள்தான் வீணாகும். இது வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. முதல் மருந்துக்கு நிற்காத வலிப்புக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று லெவெடிராசிட்டாம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்ப்ரோயேட் மூன்றையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2019இல் வந்தது. மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன் தந்தன. அந்த ஆய்வுக்கு வந்தவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை அலசியபோது, பலருக்கு முதலில் கொடுத்த மருந்தே பரிந்துரைத்த அளவை விடக் குறைவு என்று தெரிந்தது. முதல் அளவை முழுதாகக் கொடுங்கள் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எப்போது அடிப்பது? வலிப்பு ஐந்தாவது நிமிடத்தைத் தொட்டதும். ஏன் ஐந்து நிமிடம்? கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். ஐந்தைத் தாண்டியது தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. உலக வலிப்பு எதிர்ப்புக் கூட்டமைப்பு 2015இல் வகுத்த வரையறையும் இதைத்தான் சொல்கிறது: ஐந்தாவது நிமிடத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும், முப்பது நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிலையான பாதிப்பு வரலாம். இதற்குள் இன்னொரு விஷயமும் நடக்கிறது. மிடாசோலம் பற்றிக்கொண்டு வேலை செய்வது நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் காபா ஏற்பிகளில், அதாவது மூளையின் பரபரப்பை அடக்கும் கதவுகளில். வலிப்பு நீள நீள அந்த ஏற்பிகள் அணுவுக்குள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. கதவே உள்ளே போய்விட்ட பிறகு சாவியைக் கொண்டுவந்து பயனில்லை. ஆறாவது நிமிடத்தில் கேட்கும் அதே மருந்து இருபத்தைந்தாவது நிமிடத்தில் கேட்காமல் போவது இதனால்தான்.

சாவி என்றதும் இரும்புக்கு வருவோம். மாமியார் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடும், பெரும்பாலான வலிப்பு அப்போது தானாகவே நிற்கும் நேரமும் அதுதான். பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. உங்கள் மகளின் ஏழு நிமிட வலிப்பில் இரும்பு எதுவும் செய்திருக்காது. கூரான சாவியை இறுகும் கையில் திணித்தால் உள்ளங்கை கிழியும். பெரியவர் மனம் நோகாமல் அவரிடம் வேறொரு பொறுப்பைக் கொடுங்கள்: கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வது. உண்மையிலேயே தேவைப்படும் வேலை அது, ஏனென்றால் பதற்றத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும்.

வலிப்பு தொடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டு. கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, விரல், துணி எதுவும் கூடாது. தண்ணீரும் மாத்திரையும் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். மூன்றாவது நிமிடத்தில் ஸ்பிரே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றி, குழந்தையின் முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, நல்ல தூறலாக வரும்வரை காற்றில் அழுத்துங்கள். புது பாட்டிலிலும் பல வாரம் தொடாமல் வைத்த பாட்டிலிலும் குழாய்க்குள் காற்று நிற்கும். இதைச் செய்யாவிட்டால் முதல் சில அழுத்துகளில் மருந்தே வராது, நீங்கள் பத்து எண்ணியிருப்பீர்கள், உள்ளே போனது ஆறாக இருக்கும். மூக்கில் சளி இருந்தால் துடைத்துவிடுங்கள். ஐந்தாவது நிமிடம் தொட்டதும், தலையை லேசாக மேலே திருப்பி, முனையை மூக்குத் துளைக்குள் வைத்து, ஒவ்வொன்றையும் கடைசிவரை அழுத்தி சத்தமாக எண்ணுங்கள்: வலதில் ஐந்து, இடதில் ஐந்து. பாட்டிலை முடிந்தவரை நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்க வைத்தாற்போல் சாய்த்தால் உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழல் திரவத்தை விட்டு வெளியே வந்து காற்றை இழுக்கும், பாட்டிலில் மருந்து குறையும்போது இது இன்னும் எளிதில் நடக்கும். முடிந்ததும் மறுபடி ஒருக்களித்துவிடுங்கள். மூச்சை உள்ளே இழுக்க வேண்டிய அவசியம் இல்லை; மூக்கின் உட்சவ்வே மருந்தை ரத்தத்துக்குள் எடுத்துக்கொள்ளும்.

இந்த வழி ஊசிக்கு இளைத்ததல்ல. இஸ்ரேலில் காய்ச்சல் வலிப்போடு வந்த குழந்தைகளிடம் இதே 0.2 கணக்கில் மூக்கு வழி மிடாசோலத்தையும் நரம்பில் ஏற்றும் டயசிபாமையும் ஒப்பிட்டார்கள். 2000இல் வெளியான முடிவு. மருந்துக்கு வலிப்பு நின்ற குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ சமம். ஆனால் மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து வலிப்பு நிற்க மூக்கு வழிக்கு சராசரி 6.1 நிமிடம், ஊசிக்கு 8. துடிக்கும் குழந்தையின் கையில் நரம்பைத் தேடிய நேரம்தான் அந்த இடைவெளி.

ஸ்பிரே அடித்த நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நிற்கவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். வீடு ஊருக்கு வெளியே இருந்தால் ஸ்பிரே அடிக்கும்போதே இன்னொருவர் அழைத்துவிடட்டும். இரண்டாவது அளவு டாக்டர் சீட்டில் எழுதியிருந்தால் மட்டுமே, அவர் சொன்ன இடைவெளிக்குப் பிறகு. நின்ற வலிப்பு நினைவு திரும்புவதற்கு முன் மறுபடி தொடங்கினாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, தண்ணீரில் இருக்கும்போது வந்திருந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்திருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு நான்காவது நிமிடத்திலேயே நின்றுவிட்டால் ஸ்பிரே வேண்டாம். நின்ற வலிப்புக்கு அது தூக்கத்தை மட்டும்தான் தரும்.

மருந்துக்குப் பிறகு குழந்தை நன்றாகத் தூங்கும், அது எதிர்பார்த்ததுதான். தூங்கவிடுங்கள், ஆனால் தனியாக விடாதீர்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். எண்ணிக்கை 12க்குக் கீழே போனாலோ, உதடு நீலமாகவே இருந்தாலோ, உடனே தாடையை மெல்ல மேலே தூக்கி மூச்சு வழியைத் திறந்து 108ஐ அழையுங்கள். வந்தவர்களிடம் எத்தனை முறை அடித்தீர்கள், எப்போது என்று சொல்லுங்கள். அன்றைக்குத் தூக்கம் வரவைக்கும் வேறு மருந்து, இருமல் மருந்து உட்பட, எதுவும் கொடுத்திருந்தால் அதையும்.

ஒரு சின்னக் கணக்கு மிச்சம் இருக்கிறது. 5 மில்லி பாட்டிலில் சுமார் ஐம்பது அழுத்துகள். காற்று போக்க அடிப்பவற்றைக் கழித்தால் உங்கள் மகளுக்கு நாலு வலிப்புக்குத்தான் வரும். ஒவ்வொரு முறையும் எத்தனை செலவானது என்று அட்டையில் குறித்துவையுங்கள். இருபது மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள், மருந்துச் சீட்டில்லாமல் கடையில் தர மாட்டார்கள். காலாவதித் தேதியைப் பெரிய எழுத்தில் பாட்டில் மேலேயே ஒட்டுங்கள். வெயில் படும் ஜன்னல், ஸ்கூட்டர் பெட்டி, அடுப்படி மேடை ஆகாது.

பள்ளிக்கு ஒரு பாட்டில் தனியாக வேண்டும். கூடவே வகுப்பு ஆசிரியையிடம் ஒரு பக்கக் கடிதம்: குழந்தையின் எடை, ஒரு அழுத்துக்கு எத்தனை மில்லிகிராம், ஒவ்வொரு மூக்கிலும் எத்தனை, எந்த நிமிடத்தில், யாருக்கு போன், டாக்டர் கையெழுத்து. காலாண்டுக்கு ஒரு முறை அந்தப் பாட்டிலையும் வாங்கிப் பார்த்து, காற்றில் ஒரு அழுத்து அழுத்தித் தூறல் வருகிறதா என்று பாருங்கள்.