ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டும் மெத்தை உறை தலையைக் காப்பாற்றுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சேர்ந்திருக்கிறான். ஹெல்மெட்டுக்கு மேல் மாட்டுகிற மெத்தை உறையை வாங்கிக் கொடுத்தால் தலையில் அடிபடாமல் இருக்குமா?

வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். என் மகன் ஒன்பதாம் வகுப்பில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியோடு மோதுகிறவனாக ஆடத் தொடங்கினான். கார்டியன் கேப் என்கிற உறையை வாங்கி, முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வைத்து நானே மாட்டினேன். சின்னச் சின்னத் தலையணைகளைச் சேர்த்துத் தைத்தது போல மெத்தென்று இருந்தது. எலாஸ்டிக் பட்டைகளை முகக் கம்பியில் சுற்றி பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. எடை 200 கிராம்தான்.

மூன்றாவது வாரம் பிராக்டிஸில் பக்கவாட்டிலிருந்து ஒரு பையன் வந்து இடித்திருக்கிறான். இவன் விழும்போது தலை சட்டென்று திரும்பியிருக்கிறது. எழுந்து மறுபடி ஆடியிருக்கிறான். உறை போட்டிருக்கிறானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரில் ஏறியதும், "அம்மா, இன்னிக்கு என்ன கிழமை?" என்றான். வியாழன் என்றேன். அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் அதையே கேட்டான். வீட்டு வாசலில் மூன்றாவது முறை கேட்டபோது வண்டியை அணைக்காமல் அப்படியே எமர்ஜென்சிக்குத் திருப்பினேன்.

ஸ்கேனில் எதுவும் இல்லை. கன்கஷன், அதாவது தலை அதிர்ந்து மூளையின் வேலை தடுமாறுவது, பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

மண்டை ஓட்டுக்குள் மூளை நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீர்க் குடத்துக்கு வெளியே எவ்வளவு துணி சுற்றினாலும், வெடுக்கென்று திருப்பினால் உள்ளே தண்ணீர் தளும்பத்தானே செய்யும்? தலை வேகமாகச் சுழலும்போது மூளைக்கும் அதுதான் நடக்கிறது. ஹெல்மெட் முதலில் மண்டை உடையாமல் காக்கவே செய்யப்பட்டது. 1968-ஆம் ஆண்டு சீசனில் தலையிலும் கழுத்திலும் அடிபட்டுப் பல வீரர்கள் இறந்த பிறகு ஹெல்மெட்டுக்குத் தரக்கட்டுப்பாடு வந்தது, அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. உறை நேரடி இடியின் வேகத்தை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சுழற்சியை அந்த அளவுக்குத் தடுக்காது. உறை தயாரிக்கும் நிறுவனமே, கன்கஷனை முழுதாகத் தடுக்கும் சாதனம் எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறது.

அப்படியானால் வீண் செலவா? இல்லை. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். 2022-இல் பயிற்சி முகாம்களில் லைன்மேன், லைன்பேக்கர், டைட் எண்ட் என்று அதிகம் மோத வேண்டிய இடங்களில் ஆடுகிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அவர்களுக்கு வந்த கன்கஷன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று லீக் அறிவித்தது. மோதும் இருவரும் உறை போட்டிருந்தால் இடியின் வேகம் 20 சதவீதமாவது குறையும், ஒருவர் மட்டும் போட்டிருந்தால் 10 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. 2024 முதல், விரும்புகிறவர்கள் ஆட்டத்திலும் போடலாம். ஆனால் விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த ஆய்வில், உறை போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் தெரியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது ஆய்வுதான். என்.எஃப்.எல். வீரர்கள் பயன்படுத்துவது எடை கூடிய வேறு மாடல். அதே வருடங்களில் அவர்களில் பலர் நல்ல ஹெல்மெட்டுக்கும் மாறினார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

என்னை அதிகம் கலங்க வைத்தது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டரின் கதை. அவர் சென்டர், அதாவது என் மகனைப் போல லைனில் நிற்கிறவர். அந்த இடத்தில் நிற்பவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு பந்துக்கும் யார் மேலாவது மோத வேண்டும். 2002-இல் ஐம்பது வயதில் இறந்தபோது, பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்து சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டார். மயங்கி விழ வைக்கிற ஒரு பெரிய அடியால் மட்டும் வருவதல்ல அது. வருடக்கணக்கில் சேர்கிற சின்னச் சின்ன இடிகளின் பலன்.

அதனால் மோதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் 2016-இல், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்ஆஃபின் இடத்தை ஐந்து கஜம் முன்னே தள்ளின. பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் இரு பக்கமும் ஓடிவந்து மோதுவது குறையும். அந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, ஆயிரம் கிக்ஆஃபுக்கு 11 போல இருந்த கன்கஷன் 2 ஆகிவிட்டது. கலிஃபோர்னியாவில் பள்ளி அணிகள் சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் முழு மோதல் பிராக்டிஸ் வைக்கலாம் என்று 2014-இலேயே சட்டம் போட்டார்கள். உங்கள் கோச்சிடம் முதலில் இதைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் முழு மோதல்? அடிபட்டால் பார்த்துக்கொள்கிற அத்லெட்டிக் டிரெய்னர் ஆட்டத்தன்று மட்டும் வருவாரா, பிராக்டிஸ் நாளிலும் இருப்பாரா? அன்று எங்கள் மைதானத்தில் அவர் இல்லை.

உறை மாட்டுவதற்கு முன் ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கையால் பிடித்து மெதுவாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அது தளர்வு. அதற்கு மேல் எந்த உறை போட்டும் பயனில்லை.

அப்புறம், மகனிடமும் பேசுங்கள். தலை கிறுகிறுத்தால், வெளிச்சம் கூசினால், வாந்தி வருவது போல இருந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி இறங்கவே கூடாது என்று சொல்லிவையுங்கள். என் மகனுக்கு அன்று அந்த இடி விழுந்ததுமே கண் மங்கியிருக்கிறது. சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இன்னும் அரை மணி நேரம் ஆடியிருக்கிறான். இரண்டு வாரம் கழித்துத்தான் என்னிடம் அதைச் சொன்னான்.